ரப்பர் நகரத்தில் ஒரு திறந்த வீடு

அமெரிக்கா என்றதும் நம் நினைவுக்கு வருபவை நியூயார்க்கின் வானளாவும் கட்டடங்கள், நயாகரா நீர்வீழ்ச்சி, ஹாலிவுட் நட்சத்திரங்கள். ஓஹியோ மாகாணத்தில் இருக்கும் ஆக்ரன் என்ற ஊரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் காரின் டயரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். 'குட்இயர்' என்றோ 'ஃபயர்ஸ்டோன்' என்றோ எழுதியிருந்தால், அந்தப் பெயர் பிறந்த ஊர் ஆக்ரன்தான். 1898-ல் முதல் கம்பெனியும் 1900-ல் இரண்டாவது கம்பெனியும் அங்கே ஆரம்பமாயின. உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று ஒரு காலத்தில் அந்த ஊருக்குப் பட்டமே உண்டு.

நாம் ரப்பர் பார்க்கப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஆக்ரனுக்கு யாத்திரை வருகிறார்கள். காரில் வருகிறார்கள், விமானத்தில் வருகிறார்கள், பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் படபடவென்று வருகிறார்கள். அங்கே புண்ணிய தீர்த்தம் கிடையாது, தேர்த் திருவிழாவும் கிடையாது. ஒரு பங்களாவின் வாசலில் உள்ள சின்ன வீடு, ஒரு சாதாரண மாடி வீடு, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு கல்லறை – இவற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

யார் இவர்கள்? ஒரு காலத்தில் குடியினால் குட்டிச்சுவராகப் போனவர்கள், பிறகு மீண்டவர்கள். கூட வருபவர்கள் அவர்களுடைய மனைவிமார்கள், கணவன்மார்கள், பிள்ளைகள். இத்தனை பேருக்கும் இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? வாருங்கள், நாமும் போய்ப் பார்க்கலாம்.

ஹோட்டல் கூடத்தில்...

முதலில் ஊரின் பிரதான வீதிக்குப் போவோம். மேஃப்ளவர் என்ற உயரமான கட்டடம் அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அது குடியிருப்பாக மாறிவிட்டது. 1935-ல் ஆடம்பரமான ஹோட்டல்.

அந்த வருஷம் மே மாதம் 11-ந் தேதி, சனிக்கிழமை. மறுநாள் அமெரிக்காவில் அன்னையர் தினம். ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வயது 39. ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காக வந்தவர், தோற்றுப் போனார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். சட்டைப்பையில் சுமார் பத்து டாலர்தான் மிச்சம்.

பங்கு மார்க்கெட்டில் கொடிகட்டிப் பறந்து, குடியினால் தரைமட்டமானவர் அவர். மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரிப் படுக்கையில், கடவுளை நோக்கிக் கதறிய ஒரு கணத்தில், தம்மை ஏதோ ஒரு பேரொளி ஆட்கொண்டதாக அவர் உணர்ந்தார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் நியூயார்க்கில் கண்ணில் பட்ட குடிகாரர்களிடமெல்லாம் கடவுளைப் பற்றிப் பிரசங்கம் செய்து பார்த்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை! "ஆனால் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே!" என்று எடுத்துச் சொன்னவர் லோயிஸ்தான்.

அன்று அந்தக் கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கடை. உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் வந்துகொண்டிருந்தன. இன்னொரு கோடியில் டெலிபோன். பக்கத்தில் ஊர் மாதாகோவில்களின் பெயர்ப் பட்டியல். மதுக்கடைக்குப் போய் ஒரு சோடா குடித்தால் என்ன, நாலு பேரோடு பேசினால் என்ன என்று மனம் இழுத்தது. அந்த நிமிஷத்தில் பில்லுக்கு ஓர் உண்மை பளிச்சென்று பட்டது. இதுவரை பேசிய பேச்சால் யாருக்கும் பலன் இல்லை என்று நினைத்தோமே, அந்தப் பேச்சுத்தானே நம்மைக் காப்பாற்றி வந்திருக்கிறது! இப்போது நாம் பிழைக்க வேண்டுமானால் நம்மைப் போன்ற இன்னொரு குடிகாரன் வேண்டும்.

டெலிபோன் பக்கம் போனார். பட்டியலிலிருந்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். பாதிரியார் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடைசியில் கிடைத்தவர் ஒரு பெண்மணி: ஹென்ரியெட்டா ஸைபர்லிங்.

வாசற்காவல் வீடு

ஊருக்குள் 'ஸ்டான் ஹைவெட்' என்ற மாளிகை ஒன்று இருக்கிறது. குட்இயர் கம்பெனியை ஆரம்பித்த ஸைபர்லிங் குடும்பத்தார் 1915-ல் கட்டி முடித்தது, 65 அறைகள். இப்போது காட்சிசாலை. அதன் தலைவாசலில், 'நமக்காக மட்டும் அன்று' என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று பொறித்திருக்கிறது. ஆனால் யாத்திரிகர்கள் மாளிகைக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் காவல் வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டில்தான் ஸைபர்லிங் குடும்பத்து மருமகள் ஹென்ரியெட்டா தம் மூன்று குழந்தைகளுடன் வசித்தார்.

ஹென்ரியெட்டா குடிப்பவர் அல்ல. 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' என்ற கிறிஸ்தவ பிரார்த்தனைக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் குழு ஆக்ரனுக்கு வந்ததே ஒரு குடியின் கதைதான். ரப்பர் கோடீசுவரர் ஃபயர்ஸ்டோனின் பிள்ளை குடியில் மூழ்கிக் கிடந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குழுப் பாதிரியார் ஒருவரின் உதவியால் அவர் மீண்டதாகத் தகப்பனார் மகிழ்ந்தார். அந்த நன்றியில் குழுவின் தலைவர் ஃபிராங்க் புக்மனையும் அவருடைய சகாக்களையும் 1933 ஜனவரியில் ஊருக்கு வரவழைத்தார். தப்பை மறைக்காமல் ஒப்புக்கொள்வது, தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது, காலையில் அமைதியாக அமர்ந்து கடவுளின் சித்தத்தைக் கேட்பது – இவை அந்தக் குழுவின் சாதனைகள்.

அந்தக் கூட்டங்களுக்கு டாக்டர் ராபர்ட் ஸ்மித்தும் அவர் மனைவி ஆனும் வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் 55 வயதான ரணசிகிச்சை நிபுணர். ஊரார் 'டாக்டர் பாப்' என்பார்கள். 1935 வசந்தத்தில் ஒரு நாள் அவர், தாம் ரகசியமாகக் குடிப்பதைக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். எல்லாரும் மண்டியிட்டு அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். சில வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு குடிகாரர் டெலிபோனில் கூப்பிட்டு இன்னொரு குடிகாரரைப் பார்க்க வேண்டும் என்கிறார்! பிரார்த்தனைக்குப் பதில் வந்துவிட்டது என்றே ஹென்ரியெட்டா எண்ணினார்.

உடனே ஆன் ஸ்மித்துக்குப் போன் செய்தார். ஆன் என்ன சொல்வார், பாவம்! அன்னையர் தினத்துக்காக டாக்டர் மனைவிக்குப் பூந்தொட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். தொட்டி மேஜைக்கு மேலே; டாக்டர் மேஜைக்குக் கீழே, நினைவில்லாமல்!

மறுநாள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று டாக்டர் மனைவியிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காவல் வீட்டின் சிறிய புத்தக அறையில் இருவரையும் தனியாக விட்டார்கள். டாக்டர் வெளியே வந்தபோது இரவு மணி பதினொன்றேகால்!

ஆறு மணி நேரம் என்ன பேசினார்கள்? பில் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த நியூயார்க் டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கத்தை நிறுத்து, முதலில் இது எப்படிப்பட்ட வியாதி என்று சொல்லு என்று புத்தி கூறியிருந்தார். அதன்படி பில் தம் கதையைத்தான் சொன்னார். டாக்டர் பாப் படித்தவர், பக்தியும் உள்ளவர்; இரண்டரை வருஷம் பிரார்த்தனைக் கூட்டங்களுக்குப் போனவர். ஆனால் எதிராளி தம்முடைய உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவரிடம் வந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. வாங்கிக் கொள்ள வந்தவருக்குக் கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

855, ஆர்ட்மோர் அவென்யூ

இனி டாக்டர் வீட்டுக்குப் போகலாம். மரங்கள் நிறைந்த தெருவில், முன்தாழ்வாரம் வைத்த சாதாரண மாடி வீடு. 2012-ல் அமெரிக்க அரசாங்கம் அதைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. ஆனால் காட்சிசாலை என்று தோன்றாது. வருகிறவர்களைத் தொண்டர்கள் "வீட்டுக்கு வாருங்கள்" என்கிற மாதிரி, சொந்தக்காரர்களைப் போலவே வரவேற்கிறார்கள்.

ஆன் ஸ்மித் பள்ளி உபாத்தியாயினியாக இருந்தவர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு 17 வருஷம் கழித்து, 1915-ல்தான் கல்யாணம். அவ்வளவு காலம் பொறுத்திருந்தவருக்கு அதற்குப் பிறகு வாய்த்தது என்ன தெரியுமா? ஒளித்து வைத்த பாட்டில்களைத் தேடுவதுதான்! கரித்தொட்டியில் இருக்கும், அழுக்குத் துணி போடும் குழாயில் இருக்கும், நிலவறை உத்தரத்தின்மேல் இருக்கும். ஆன் சாயங்காலம் வெளியே போகும் நேரம் பார்த்து டாக்டர் சரக்கை உள்ளே கொண்டுவருவார். 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, இனி நாம் தப்பினோம் என்றே அவர் நினைத்தாராம். வைத்திய உபயோகத்துக்கென்று டாக்டர்களுக்கு விலக்கு இருந்தது, அது போதாதா?

பில்லைச் சந்தித்த பிறகும் டாக்டர் ஒரு தடவை சறுக்கினார். வைத்தியர்கள் மகாநாட்டுக்கு அட்லாண்டிக் நகரம் போனவர் குடித்துச் சீரழிந்து திரும்பினார். அப்போது பில் இந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். சில நாளில் டாக்டர் ஓர் ஆபரேஷன் செய்தாக வேண்டும். பில்லும் ஆனும் இரவு பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள். ஆபரேஷன் தினத்தன்று கை நடுங்கியது. நடுக்கம் நிற்பதற்காகப் பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மட்டும் வீடு வந்து சேரவில்லை. மணிக்கணக்காகிறது. வீட்டில் காத்திருந்தவர்கள் என்ன பயந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் வந்தார். தெளிவாக வந்தார்! ஊரில் தாம் கடன்பட்டவர்களையும் மனம் நோகச் செய்தவர்களையும் தேடித் தேடிப் பார்த்துத் தம் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டு வருகிறார். அன்று காலையில் குடித்த பீர்தான் அவர் கடைசியாகத் தொட்ட மது. 1935 ஜூன் 10-ந் தேதி என்று அந்த நாளைக் கணக்கிட்டு, அதையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கோடை முழுவதும் பில் ஸ்மித் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் ஆன் பைபிளிலிருந்து வாசிப்பார். மலைப் பிரசங்கம், அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய அதிகாரம், யாக்கோபின் நிருபம் – இந்த மூன்றும் அவர்களுக்கு உயிர். செய்கையில்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் கருத்து அல்லவா? அது அவர்கள் மனத்தில் ஆழமாய்ப் பதிந்திருந்தது. புதிய இயக்கத்துக்கு யாக்கோபின் பெயரையே வைக்கலாமா என்றுகூடச் சிலர் யோசித்தார்கள்.

ஆகவே, செய்கையில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டிருந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மாதாகோவில் காரியங்களில் பங்கெடுத்தவர். தமக்குக் கடவுள்மேல் நம்பிக்கை உண்டு, ஆனால் கடவுள் தம்மைக் கைவிட்டு எத்தனையோ நாளாயிற்று என்று எண்ணியிருந்தார். அவர் மீண்டு வீடு திரும்பியது அந்த ஜூலை 4-ந் தேதி. அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக இந்த வீட்டுக்கு வந்தார்கள். ஆன் காப்பி போட்டுக் கொடுத்தார். படுக்க இடம் கொடுத்தார். புதிதாகக் கூட்டத்துக்கு வருகிறவர் ஒதுங்கி உட்கார்ந்தால் தாமே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

பூ அறையில் ஒரு நோயாளி

அடுத்து, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரீகள் நடத்தியது. அந்தக் காலத்தில் குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளா. கலாட்டா செய்வார்கள், பணமும் தர மாட்டார்கள் என்று பயம்.

அட்மிஷன் மேஜையில் ஸிஸ்டர் இக்னேஷியா என்ற மெலிந்த அம்மையார் இருந்தார். அயர்லாந்தில் 1889-ல் பிறந்தவர். சங்கீதம் கற்பித்து வந்து, உடம்பு இற்றுப் போனதால் இந்த வேலைக்கு வந்தவர். 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் அவரை நாடி வந்தார். இருவரும் கலந்து, ஒரு குடிநோயாளியை 'கடுமையான வயிற்றழற்சி' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் டாக்டர், நோயாளியிடம் நண்பர்கள் தனிமையில் பேச இடம் வேண்டும் என்றார். காலி அறை இல்லை. நோயாளிகளுக்கு வரும் பூக்களைச் சீர்படுத்தி ஜாடியில் வைக்கும் சிறு அறை ஒன்று இருந்தது. கட்டிலை அதற்குள் தள்ளினார்கள்!

டாக்டர் பாப் 1950-ல் காலமாகும் வரையில் இருவரும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 பேருக்குச் சிகிச்சை செய்தார்கள். டாக்டர் அவர்களிடம் பீஸ் வாங்கவில்லை. அவர் புராட்டஸ்டண்டு, அம்மையார் கத்தோலிக்கர். அந்த நாளில் இந்த இரண்டு பிரிவினரும் ஒரே பந்தியில் அமர்வதே அபூர்வம். நோயாளி வீட்டுக்குப் புறப்படும்போது அம்மையார் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கையில் கொடுப்பார். மறுபடியும் குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்பு இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. குடிப்பதா வேண்டாமா என்பதைவிட, அந்த அம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது பெரிய கேள்வியாகிவிடும்!

இந்தப் பந்தி பெரிதாகப் பெரிதாக ஒரு பிரச்னை எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கூட்டத்துக்குக் கத்தோலிக்கர்கள் வரத் தயங்கினார்கள். 1939-ன் முடிவில் ஆக்ரன் நண்பர்கள் அந்தக் குழுவிலிருந்து பிரிந்தார்கள். 1938 டிசம்பரில் பில் எழுதிய பன்னிரண்டு படிகளில், ஒவ்வொருவரும் தாம் அறிந்த வண்ணம் கடவுளை எண்ணிக்கொள்ளலாம் என்று முன்பே இடம் வைத்தாயிற்று. கிறிஸ்தவ அடுப்பில் மூட்டிய நெருப்புத்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் குளிர் காயலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் இன்று சுமார் 180 நாடுகளில் அது எரிகிறது.

லோயிஸ் எறிந்த செருப்பு

இனிச் சொல்லப் போவது உங்களுக்கென்றே வைத்திருந்தது. புருஷன் குடியை நிறுத்திவிட்டால் பெண்டாட்டிக்குச் சுகம் வந்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? பில் திருந்திய பிறகு ஒரு நாள், "சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாகிறது" என்று லோயிஸிடம் சாதாரணமாகச் சொன்னார். லோயிஸ் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவர்மேல் வீசி எறிந்து, உங்கள் கூட்டமும் ஆயிற்று நீங்களும் ஆயிற்று என்கிற பாவனையில் பொரிந்துவிட்டார்!

எறிந்தவருக்கே திகைப்பு. பிறகு யோசித்துப் பார்த்தார். 17 வருஷம் இந்த மனிதரைத் திருத்துவதே தம் வாழ்க்கை என்று இருந்தோம். நம்மால் ஆகாததை யாரோ ஊர்பேர் தெரியாத நண்பர்கள் செய்துவிட்டார்கள். அந்தப் பொறாமையும் கோபமும் நமக்குள் இருக்கின்றன. நமக்கும் வைத்தியம் தேவை. கணவன்மார்கள் கூட்டத்தில் இருக்கும்போது வெளியே காரிலும் சமையலறையிலும் காத்திருந்த மற்ற மனைவிமார்களுக்கும் அதே நிலைமைதான் என்று கண்டார். 1951-ல் லோயிஸும் ஒரு ஸ்நேகிதியும் சேர்ந்து குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். அவன் குடித்ததற்குக் காரணம் நானல்ல. அவனைக் கட்டுப்படுத்துவதும் என் கையில் இல்லை. என் மனத்தைச் செப்பனிடுவது மட்டும் என் கையில் இருக்கிறது – இதுதான் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. 1988-ல், 97 வயதில் லோயிஸ் காலமானார்.

கல்லறையில் காசுகள்

யாத்திரையின் கடைசி இடம் மவுண்ட் பீஸ் கல்லறைத் தோட்டம். டாக்டர் பாபுக்குப் பெரிய நினைவு மண்டபம் எழுப்ப நண்பர்கள் விரும்பினார்கள். தாமும் ஆனும் மற்றவர்களைப் போலவே அடக்கமானால் போதும் என்று அவர் தடுத்துவிட்டார். கல்லில் இருவரின் பெயரும் வருஷங்களும்தான். இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜூன் மாத ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும். முரட்டு ஆசாமிகள் இறங்கி, ஒரு வருஷம், பத்து வருஷம், முப்பது வருஷம் குடிக்காமலிருந்ததற்காகக் கிடைத்த பதக்கக் காசுகளைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பார்கள்.

இதைக் கண்மூடித்தனமான நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. 27 ஆய்வுகளைப் பரிசீலித்த 'காக்ரேன்' விமர்சனம் 2020-ல் வெளிவந்தது. பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றியவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள் என்று அது கண்டது. ஆனால் ஒன்று: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஜன்னியும் வலிப்பும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஆகையால் டாக்டர் மேற்பார்வை அவசியம். ஆக்ரனிலும் வைத்தியரும் ஜபமாலையும் சேர்ந்துதானே வேலை செய்தார்கள்?

ஆக்ரனுக்குப் போக நம்மால் ஆகுமா என்று பெருமூச்சு விட வேண்டாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிநோயால் கணவரை இளம் வயதில் இழந்தார். அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் மின்னெசோட்டா மாகாணத்திலுள்ள ஹேசல்டன் நிலையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். பன்னிரண்டு படிகளைச் சிகிச்சையோடு இணைத்த நிலையம் அது. திரும்பி வந்து 1980-ல் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு.

தமிழில் நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன. சில, பள்ளிக்கூட அறைகளிலும் மாதாகோவில் கட்டடங்களிலும் நடக்கின்றன. சந்தா கிடையாது, ஜாதி, மதம் கேட்பதில்லை, பெயர்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ, உங்கள் தங்கை வீட்டிலோ, நாள்தோறும் ஒளித்து வைத்த பாட்டிலைத் தேடி அலுத்துப்போன ஒரு பெண் இருந்தால், இந்த ஊரின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். அந்த அன்னையர் தினத்துக்கு முந்திய நாள், மேஜைக்கடியில் கிடந்த கணவரைப் பற்றிக் கேட்க டெலிபோன் வந்தபோது, ஆன் ஸ்மித் உள்ளதைச் சொன்னார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.